துரை சுற்றிய லாந்தர்

ஒருவருடைய கடையைக் காப்பாற்றுவதற்காக மைக்கைப் பிடித்து, அந்தக் கடையை ஒழித்துக்கட்ட இருந்த ஒரே தடையையும் என் வாயாலேயே நீக்கிக் கொடுத்தவன் நான். கடைக்காரர் மூன்றாம் மனிதராக இருந்திருந்தால் கொஞ்ச நாள் அந்தத் தெருப்பக்கம் போகாமல் இருந்திருக்கலாம். அவர் என் அக்காவின் கணவர். எங்கள் வீட்டு வழக்கப்படி பாவா. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். தலைமறைவாவதற்கு வசதி இல்லாத குற்றவாளி என்று என்னைச் சொல்லலாம்.

திருத்தணியில் வண்டிகள் மலையேறுகிற சாலை தொடங்கும் இடத்தில் ஒரு சதுக்கம் இருக்கிறது. சதுக்கம் என்பதெல்லாம் நகராட்சிக் காகிதத்தில். ஊர்வாயில் அது லாந்தர். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு வட்டமான கருங்கல் மேடை, அதன்மேல் ஓர் இரும்புக் கம்பம், கம்பத்தின் உச்சியில் ஒரு காலத்தில் எண்ணெய் விளக்கு எரிந்த கூண்டு. கண்ணாடி போய்விட்டது. விளக்கும் போய்விட்டது. புறாக்கள் வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன. சதுக்கத்தின் ஓரத்தில் குதிரைகள் தண்ணீர் குடிப்பதற்கென்று வெட்டிய நீளமான கல்தொட்டி ஒன்று உண்டு. அதில் இப்போது மெக்கானிக் பாய் பஞ்சர் ட்யூபை முக்கிக் குமிழி பார்க்கிறார். அவருடைய பட்டறைக்கு அடுத்த கடை பாவாவுடையது. எலுமிச்சம்பழம், திருஷ்டிப் பூசணிக்காய், கற்பூரம், மாலை, வண்டியின் முன்பக்கம் கட்டுகிற ஜரிகை ரிப்பன். வேறு ஒரு பொருளும் கிடையாது. தாகத்துக்கு ஒரு சோடா கேட்டால்கூடப் பக்கத்துத் தெருவைக் கைகாட்டுவார்.

இந்தச் சரக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்த முடியுமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முடியும். ஏனென்றால் சுற்றுவட்டாரத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் தணிகைமலைக்குக் கொண்டுவந்துதான் பூஜை போடுவார்கள். கனகம்மாசத்திரத்து பைக், அரக்கோணத்து ஆட்டோ, பள்ளிப்பட்டு டிராக்டர், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற சரக்கு லாரி எல்லாம் வரும். வந்த வண்டி நேராக மலையேறாது. முதலில் லாந்தர் மேடையை மூன்று சுற்று சுற்றும். சுற்றி முடித்ததும் பாவா கடை முன்னால் நிற்கும். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காயைச் சுற்றி உடைத்து, மாலை போட்டுக்கொண்டு, அப்புறம்தான் மேலே சாமியிடம் போகும். மேலே குருக்கள் மறுபடியும் எல்லாவற்றையும் செய்வார். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சாமிக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துக்கொள்வதில் தவறென்ன?

லாந்தரை ஏன் சுற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பாவா ஒரு சரித்திரம் வைத்திருந்தார். ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் துரைக்குக் குதிரை ஒன்று கூடும்.

"துரை சாரட்டு வண்டில வருவாரு. வந்து இன்னா செய்வாரு? சும்மா திரும்பிப் பூட மாட்டாரு. லாந்தர சுத்துவாரு. அதுவும் எப்டி? சாமிய வலம் வர்ற மாதிரி, வலப்பக்கமா வெச்சிகினு. பார்த்த சனம் கன்னத்துல போட்டுகிச்சு. வெள்ளக்காரனுக்கே தெரிஞ்சிகீது, உனுக்குத் தெரியலியே."

"சுத்தலன்னா இன்னா ஆவும்ணே?"

"ஒண்ணியும் ஆவாது. தாராளமா போ. அப்பால எறங்கறப்ப பிரேக்கு புடிக்கலன்னு என்ன வந்து கேக்கக் கூடாது."

பிரேக் என்ற சொல்லுக்கு மறுப்பு சொன்ன வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

இப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் நகராட்சிக்குப் புதிதாக ஒரு பொறியாளர் வந்தார். இளைஞர். மரியாதையானவர். எல்லாரையும் 'சார்' என்பார், பாவாவின் கடைக்கு வெளியே படுத்திருக்கும் மாட்டைத் தவிர. அவர் செய்யவந்த காரியத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டமும் வண்டிகளும் லாந்தர் அருகே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் முருகனே மயிலை விட்டு இறங்கி நடந்து போய்விடுவார். ஆகவே மேடையை எடுத்துவிட்டு, சாலையின் நடுவே நீளமாக டிவைடர் கட்டி, வண்டிகள் நேராக மலையேறும்படி செய்வது என்று வரைபடம் தயாராயிற்று. டிவைடருக்கு இரண்டு பக்கமும் வண்டி நிறுத்தக் கூடாது. கடைகளுக்கு முன்னால் கம்பி வேலி.

பாவாவுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. ஆனால் இதைப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. சுற்றுவதற்கு மேடை இல்லையென்றால் வண்டி நிற்காது. வண்டி நிற்கவில்லையென்றால் எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போட வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "மச்சான், கருத்து கேக்கறதுக்கு கூட்டம் போடறாங்களாம். யாரு வேணா பேசலாமாம். எனுக்கு ஒரே ஒரு நம்பிக்கை நீதான்."

அக்கா கையில் கரண்டியோடு நின்றாள். "வேற யாரும் கெடைக்கலியா?" என்றாள்.

நான் இரண்டு மூன்று பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். படித்துவிட்டுச் சிரித்ததாக இதுவரை நேரில் சொன்னவர் ஒருவர்தான். அவரும் வேறொருவர் எழுதியதைச் சொன்னார். ஆனால் குடும்பத்தில் எழுத்தாளன் என்று பெயர் வாங்கிவிட்டால், கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்ப்பதிலிருந்து மின்வாரியத்தில் சண்டை போடுவது வரை எல்லாம் நம் தலையில்தான். அதோடு எனக்குப் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் படிக்கும் வழக்கம் உண்டு. இந்த மாவட்டத்தில் எந்தத் துரை எந்த ஏரிக்கரையில் கூடாரம் அடித்தார் என்றெல்லாம் சொல்லுவேன். கேட்பவர்கள் எழுந்து போவதற்கு அது நல்ல வாய்ப்பாக இருக்கும். முதல் முறையாக ஒருவர் என்னிடம் வரலாறு கேட்டு வந்திருக்கிறார். விடுவேனா?

"இன்னா சொல்லணும் பாவா?"

"லாந்தரு ரொம்பப் பழசு. துரை காலத்துலேர்ந்து சுத்தறாங்க. இது சாமி காரியம். கைய வெக்காதீங்க. அவ்ளோதான். சொல்லிட்டு எறங்கிடு."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் மச்சான். மேல ஒரு வார்த்த வேணாம்."

மேலே ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லி ஓர் எழுத்தாளனை அனுப்பினால் என்ன ஆகும் என்று பாவாவுக்குத் தெரியவில்லை. அவர் பழகியதெல்லாம் எலுமிச்சம்பழத்தோடு.

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். இறங்கினேன் என்றால் நிஜமாகவே இறங்கினேன். ஒரு காலை வேளையில் லாந்தர் மேடையின் அடிக்கல்லைப் பார்ப்பதற்காக நடுரோட்டில் குந்தி, அப்புறம் முழங்காலிட்டு, கடைசியில் ஒருக்களித்துப் படுத்தே விட்டேன். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "பெரியவரே, ஆஸ்பத்திரி வரீங்களா?" என்று அன்பாகக் கேட்டார். பெரியவரே என்றது வலித்தது. நான் ஐம்பதைத் தாண்டி ரொம்பத் தூரம் வந்துவிடவில்லை.

"சாரு ஆராச்சி பண்றாருப்பா," என்று பாய் பட்டறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ரோட்டுலயா?"

"வூட்ல எடம் இல்லியாம்."

ஆனால் படுத்தது வீண் போகவில்லை. மேடையின் விளிம்புக் கல்லில் இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் உரசிய தடம் இருந்தது. எல்லாத் தடங்களும் ஒரே போக்கில் சாய்ந்திருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலைக்கு வண்டிப்பாதை வந்தது பிற்காலத்தில். அதற்கு முன்னால் மேலே போவதென்றால் படிதான். அப்படியானால் துரையின் சாரட்டு இந்த இடத்துக்கு மேல் ஓர் அடிகூடப் போயிருக்க முடியாது. வந்த வழியே திரும்பித்தான் ஆக வேண்டும். குதிரைகள் பூட்டிய நீளமான வண்டியை நின்ற இடத்திலேயே திருப்ப முடியாது. அதற்காகத்தான் நடுவில் ஒரு வட்ட மேடை! வண்டியை இடதுபுறமாகவே ஓட்ட வேண்டும் என்பது வெள்ளைக்காரன் விதி. ஒரு வட்டத்தை இடதுபுறமாகவே ஓட்டிச் சுற்றினால் வட்டம் தானாகவே நம் வலக்கைப் பக்கம் வந்துவிடும். கோயிலில் நாம் வலம் வருவதும் அப்படித்தானே.

துரை சாமியைச் சுற்றவில்லை. யூ டர்ன் போட்டார். அதைப் பார்த்துத்தான் நம் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் புது வண்டிகளை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு கலெக்டர் வீட்டுக்குத் திரும்பிப் போன வழியைப் பயபக்தியோடு சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு அழகான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அதை வெளியே சொல்லாமல் இருப்பதற்குத் துறவியின் மனது வேண்டும். எனக்கு இருப்பது கட்டுரையாளன் மனது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் இன்னும் நின்றதால் வந்தவர்கள் எல்லாம் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தார்கள். பாவா முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாய். மேடையில் வரைபடத்தோடு பொறியாளர்.

நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். லாந்தர் எவ்வளவு பழசு என்றேன். கைதட்டினார்கள். இந்தச் சதுக்கத்தில் குதிரை நின்றது, மாட்டுவண்டி நின்றது, பஸ் நின்றது, இன்று நாம் நிற்கிறோம் என்றேன். பலமாகக் கைதட்டினார்கள். பாவா திரும்பிப் பின்வரிசையைப் பார்த்து, என் மச்சான் என்பதுபோல் தலையை ஆட்டினார். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கைதட்டல் என்பது பழக்கமில்லாதவனுக்குச் சீக்கிரம் ஏறிவிடும்.

"ஆனால் நண்பர்களே, உண்மை இதைவிடச் சுவாரசியமானது," என்றேன்.

பாவாவின் தலை ஆடுவது நின்றது.

நான் சாரட்டைச் சொன்னேன். படியைச் சொன்னேன். இடதுபுற விதியைச் சொன்னேன். துரை திரும்புவதை எல்லாருக்கும் விளங்க வைப்பதற்காக மைக் கம்பத்தை லாந்தராக வைத்துக்கொண்டு அதை நானே ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். ஒயர் காலில் சுற்றிக்கொண்டது. மண்டபம் சிரித்தது. நகைச்சுவை எழுத்தாளனுக்குக் கிடைத்த முதல் நேரடிச் சிரிப்பு அது. ஒயரால் வந்ததென்றாலும் வாங்கிக்கொண்டேன்.

பொறியாளர் பேனாவை எடுத்தார். "சார், ஒரு சந்தேகம். அப்போ இது வழிபாட்டுக்காகக் கட்டினது இல்லை. வண்டி திரும்பறதுக்காகக் கட்டினது. அப்படித்தானே?"

"சந்தேகமே வேண்டாம்," என்றேன் பெருமிதத்தோடு.

"ரொம்ப நன்றி சார். எனக்கு அது ஒண்ணுதான் தயக்கமா இருந்தது. ஜனங்க கும்பிடற இடத்துல கை வைக்கறோமோன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். வண்டி திரும்பறதுதான் விஷயம்னா, டிவைடர்ல ஒரு இடைவெளி விட்டாப் போச்சு."

பாவா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தபோது சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று கேட்டவர் பார்க்கிற பார்வை அது. பாய்தான் மெல்ல அவரைத் தட்டிக் கொடுத்து, "அண்ணாத்த, டீ சாப்பிடலாம் வா," என்று எழுப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் நானே பொறியாளரின் அலுவலகத்துக்குப் போய், ஆழ்ந்து யோசித்ததில் துரைக்கு உள்ளூரக் கொஞ்சம் பக்தியும் இருந்திருக்கலாம் என்று தோன்றுவதாகச் சொன்னேன். அவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "நீங்கதான் சார் சந்தேகமே வேண்டாம்னீங்க," என்றார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை மடக்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா குழம்பை ஊற்றினாள். ஊற்றின உயரத்தைப் பார்த்தால் பாத்திரம் உத்தரத்தில் இருந்தாற்போல் இருந்தது.

"ஆங், சாப்பிடு. வரலாறு போதுமா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

பாவா தலை நிமிராமல் சாப்பிட்டார். தயிருக்கு வந்தபிறகு, "ஒரு வாரம் வெள்ளோட்டம் பார்க்கறாங்களாம் மச்சான். தடுப்பு வெச்சி, வண்டிய நேரா வுட்டு. சரியா இருந்தா மேடைய எடுத்துடுவாங்க. அப்பால கட பூட்டறதுதான்," என்றார். என்னால் தயிரை விழுங்க முடியவில்லை. பிறகு விழுங்கினேன்.

வெள்ளோட்டத்தின் முதல் நாள் காலையிலேயே நான் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏதாவது பரிகாரம் செய்ய வேண்டும்போல் இருந்தது. பாவா என் கையில் மிளகாயையும் எலுமிச்சம்பழத்தையும் ஊசியையும் கொடுத்துக் கோக்கச் சொன்னார். நான் கோத்ததை வாங்கிப் பார்த்துவிட்டு ஊசியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

லாந்தர் மேடையைச் சுற்றிலும் இரும்புத் தடுப்புகள். வண்டிகள் இரண்டு பக்கமும் நேர்கோட்டில் ஓடின. உண்மையைச் சொன்னால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மலைச்சாலை தொடங்குகிற இடத்தில், சரியாகச் சாலையின் நடுவில், ஒரு வட்டமான இரும்பு மேடை போட்டு, அதற்குமேல் பெரிய குடை நட்டு, போக்குவரத்துக் காவலர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். ஆஜானுபாகுவான மனிதர். அடர்த்தியான மீசை. வெள்ளைச் சட்டை வெயிலில் பளபளத்தது.

பத்து மணி வாக்கில் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து புத்தம்புதிய டிராக்டர் ஒன்று வந்தது. சீட்டு உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஓட்டி வந்தவர் பாவாவிடம் கேட்டார்: "அண்ணா, சுத்தறது எங்கண்ணா? மூடி வெச்சிகீறாங்களே."

"இனிமே சுத்தறதெல்லாம் கெடையாதுப்பா. நேரா போய்க்கோ."

சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருந்த அவர் மனைவி தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் தெலுங்கிலேயே சமாதானம் சொன்னார். அந்த அம்மாள் பிறகு எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு வந்தாள். "சுத்தாம எப்டி ஏறது? நீ போய்க்கோ. நான் எறங்கிக்கறேன். நடந்தே வரேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு இன்னாம்மா இது..." என்றார் ஓட்டி வந்தவர்.

"பிரேக்கு புடிக்கலன்னா யாரு பொறுப்பு?"

பாவா கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருஷமாக அவர் விதைத்தது முளைத்துவிட்டது.

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். தடுப்பைப் பார்த்தாள். நேர்கோட்டில் ஓடுகிற வண்டிகளைப் பார்த்தாள். அப்புறம் மலைச்சாலை வாசலைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அதோ, அங்க ஒண்ணு வட்டமா கீதே."

பாவா எட்டிப் பார்த்தார். "ஆங்," என்றார். "வட்டமாத்தான் கீது."

டிராக்டர் கிளம்பி, காவலரை வலம் வர ஆரம்பித்தது.

முதல் சுற்றில் அவர், பாவம், வழி தெரியாத ஆள் என்று நினைத்துக் கையால் மலைப்பக்கம் காட்டினார். இரண்டாவது சுற்றில் விசில் ஊதினார். மூன்றாவது சுற்றில் உள்ளங்கையை உயர்த்தி, நில் என்று காட்டினார். குடைக்குக் கீழே, பீடத்தின்மேல், மீசையோடு நின்று ஒருவர் வலது உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் வேறு. டிராக்டர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு, நேராகப் பாவா கடைக்கு வந்து எலுமிச்சம்பழம் வாங்கினாள்.

பின்னால் கே.ஜி.கண்டிகையிலிருந்து பைக்கில் வந்த புது மாப்பிள்ளை ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். புது ஏற்பாடு போலிருக்கிறது என்று அவரும் சுற்றினார். அவரைப் பார்த்து ஓர் ஆட்டோ. மதியத்துக்குள் அதுவே வழக்கம் ஆகிவிட்டது. ஒரு வழக்கம் உண்டாக நூறு வருஷம் வேண்டும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு அரைநாள் போதும்.

காவலர் அபராதம் போடலாம் என்று பார்த்தார். வழியில்லை. எல்லாரும் ஒழுங்காக இடதுபுறமாகவே ஓட்டினார்கள். தலைக்கவசமும் போட்டிருந்தார்கள், சாமி பார்க்கிறாரே என்று.

மறுநாள் அவர் தன் இரும்பு மேடையை ஓரமாகத் தள்ளிப் போட்டுப் பார்த்தார். வண்டிகள் அங்கேயும் போய்ச் சுற்றின. ஓரமாகப் போனதால் சுற்றுக்கு இடம் போதாமல், பாதிச் சுற்று பெட்டிக்கடைக்குள் போய் வந்தது. மேடையே வேண்டாம் என்று அதற்கடுத்த நாள் குடையை மட்டும் வைத்துக்கொண்டு வெறுந்தரையில் நின்றார். பீடம் இல்லாவிட்டால் என்ன, மூர்த்தி இருக்கிறாரே என்று ஜனங்கள் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள். வண்டி வரிசை ஸ்டேஷன் ரோடு வரைக்கும் நின்றது. பாவாவுக்கு நிமிர நேரமில்லை. ஆனால் முகத்தில் சந்தோஷமும் இல்லை. வேலி வந்துவிட்டால் இதெல்லாம் ஒரு வாரத்துப் பிழைப்புதான் என்று அவருக்குத் தெரியும்.

அன்று மதியம் காவலர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நெற்றியில் அவருக்கே தெரியாமல் ஒரு துளி சந்தனம்.

"யோவ், இன்னாயா விக்கிறீங்க நீங்க? ஒரு அம்மா எங்கால்கிட்ட பூசணிக்கா ஒடைக்க வராங்க. வேணாம்மான்னா, கூச்சப்படாதீங்கங்கறாங்க."

பாவா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "மன்னிச்சுக்குங்க சார். நாங்க யாருக்கும் சொல்லலிங்க."

"வூட்ல பொண்டாட்டி கேக்கறா, சட்ட பூரா இன்னாயா குங்குமம்னு. நான் இன்னான்னு சொல்றது? சாமியாயிட்டேன்னா?"

"நம்புவாங்களா சார்?" என்று கேட்டார் பாய், தொட்டியில் ட்யூபை முக்கிக்கொண்டே.

"கல்யாணத்தப்பவே நம்பல. இப்ப எங்க நம்பப் போறா?"

"நீங்க கவலப்படாதீங்க சார். நாங்க சுத்த மாட்டோம். நில்லுன்னா நிப்போம்," என்றார் பாவா.

"நீ ஒருத்தன்தான்யா இந்த ஊர்ல போலீசுக்கு பயப்படற ஆளு," என்று சொல்லிவிட்டுக் காவலர் எழுந்துபோய், தெருமுனையில் நின்று பொறியாளருக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கையை ஆட்டின வேகத்திலேயே பாதி விளங்கியது.

பொறியாளர் ஜீப்பில் வந்தார். அவர் இறங்கிய நேரத்தில் ஒரு கல்யாண வேன், இரண்டு பைக், ஒரு சரக்கு ஆட்டோ எல்லாம் காவலரைச் சுற்றிக்கொண்டிருந்தன. வேனுக்குள்ளிருந்து யாரோ அரோகரா என்றார்கள். பொறியாளர் தன் வரைபடத்தைப் பார்த்தார். அதில் இதற்கு இடம் விடவில்லை.

"சார்," என்றார் காவலர், குடைக்குக் கீழே இருந்தபடியே. "ஒண்ணு அந்த மேடைய தொறங்க. இல்ல, எனுக்கு ஒரு கோபுரம் கட்டிக் குடுங்க. நடுவாந்தரமா என்னால நிக்க முடியாது."

பொறியாளர் திரும்பினார். கடைவாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். "சார், இது வெறும் யூ டர்ன்னு நீங்கதானே..."

எனக்கு உடனே ஒரு விளக்கம் தோன்றிவிட்டது. நல்ல விளக்கம். மூன்று பாகமாகச் சொல்லலாம். வாயைத் திறந்தேன்.

"மச்சான், உள்ள போய் அந்த கற்பூர டப்பாவ எடு," என்றார் பாவா.

எடுத்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தேன்.

"இது இல்ல. பெரிய டப்பா."

பெரிய டப்பா பரணில் இருந்தது. ஏணி போட்டு ஏறி, தூசியில் தும்மி, அதை இறக்கிக்கொண்டு வருவதற்குள் வெளியே எல்லாம் முடிந்திருந்தது. நான் இல்லாத நேரத்தில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு விஷயத்தை எவ்வளவு சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள் என்பதை அன்றுதான் கவனித்தேன். லாந்தர் மேடை இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லா வண்டியும் அதை ஒரே திசையில் சுற்றித்தான் மலைக்கோ ஊருக்கோ பிரியும். எலுமிச்சம்பழம் நசுக்குவதும் பூசணிக்காய் உடைப்பதும் சாலையில் கூடாது. கல்தொட்டிக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படும். உடைத்ததைக் கூட்டி அள்ளுவது பாவாவின் பொறுப்பு. வேலி கிடையாது. பாவா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத் துடைப்பவர் அவ்வளவு நேரம் துடைக்க மாட்டார்.

சாயங்காலமே தடுப்புகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள். காவலர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனபோது, எதிரே வந்த ஒரு கிழவி பழக்கதோஷத்தில் அவரைக் கும்பிட்டாள். அவரும் பழக்கதோஷத்தில் கையை உயர்த்திவிட்டார்.

ஒரே திசையில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து நெரிசலும் குறைந்திருக்கிறது. அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முருகன் மயிலை விட்டு இறங்க வேண்டியிருக்கவில்லை. பொறியாளர் தானே ஒரு புதுக் கார் வாங்கி, குடும்பத்தோடு வந்து சுற்றிவிட்டுப் போனார். போக்குவரத்தைச் சோதிப்பதாகச் சொன்னார். பாவா சுற்ற வருகிறவர்களுக்குத் துரை கதையை இன்னமும் சொல்கிறார். இப்போது துரைக்கு ஆறு குதிரை. கதையில் புதிதாக ஒரு போலீஸ்காரரும் சேர்ந்திருக்கிறார். யூ டர்ன் மட்டும் இல்லை.

எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். என் கண்டுபிடிப்பு பொய்யில்லையே. ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மெதுவாக எடுத்தேன்.

"பாவா, ஒண்ணு யோசிச்சுப் பார்த்தீங்களா? கடைசில நான் சொன்னதுதானே நடந்தது. எதைச் சுத்தறோம்கறது முக்கியமே இல்லை. சுத்தறதுதான் முக்கியம். அன்னிக்கு மண்டபத்துல அதைத்தான் நான் பேசினேன்."

பாவா மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நீ பேசிட்டு எறங்கனதும் உனுக்கு போடணும்னு ஒரு ரோஜா மால கட்டி வெச்சிருந்தேன் மச்சான். நல்ல மால. சாயங்காலம் புதுசா ஒரு செப்டிக் டேங்க் லாரி வந்துச்சு, அதுக்கு போட்டு அனுப்பிட்டேன். அது பாட்டுக்கு மூணு சுத்து சுத்திச்சு. வாயத் தொறக்கவே இல்ல."